பொதுத் தரநிலைக்கு நிதி கேட்கும்போது இரண்டாவது செயலியை முன்னால் வையுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இதுதான். நீங்கள் மூன்று பேர். திறமூலக் (நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய) குறிப்புச் செயலி ஒன்றை எழுதி வருகிறீர்கள். ஒரு செயலியில் எழுதிய குறிப்புகளை எதுவும் தொலையாமல் இன்னொரு செயலிக்குக் கொண்டுபோக ஒரு பொது வடிவத்தையும் வரையறுத்திருக்கிறீர்கள். அந்த வடிவத்தை விளக்கும் 34 பக்க ஆவணம் தயார். இதுவரை எல்லாம் மாலை நேரத்திலும் விடுமுறையிலும் செய்த வேலை. இனி ஒருவராவது ஓராண்டு முழுநேரம் இதில் உட்கார வேண்டும். அதற்கு யாரிடம் நிதியுதவி கேட்பது, எப்படிக் கேட்பது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொது வடிவத்தை, அதாவது தரநிலையை, எழுதுவதற்கு நிதி கேட்காதீர்கள். இரண்டு தனித்தனிக் குழுக்கள் எழுதிய செயலிகள் ஒன்றோடொன்று பேச என்ன வேலை ஆகுமோ, அதற்குக் கேளுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அவை முற்றிலும் வேறு.

நான் முதன்முதலில் எழுதிய விண்ணப்பம் ஆவணத்தைப் பற்றியது. எத்தனை அதிகாரங்கள், என்னென்ன வரையறைகள், எப்போது பதிப்பு 1.0 என்று பக்கம் பக்கமாக எழுதினேன். திரும்பி வந்தது ஒரே கேள்வி: உங்களைத் தவிர இதை யார் தங்கள் செயலியில் நிரலாக எழுதிச் செயல்படுத்தப் போகிறார்கள்? என்னிடம் பெயர் இல்லை. ஆர்வம் காட்டியவர்கள் உண்டு, நிரல் எழுதியவர்கள் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கேள்வி நியாயமானது என்று அன்றே தெரிந்தது. ஒருவர் மட்டும் செயல்படுத்தும் தரநிலை என்பது அந்த ஒருவருடைய கோப்பு வடிவம், அவ்வளவுதான்.

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் இதை விதியாகவே எழுதி வைத்திருந்தது. 1996இல் வந்த ஆர்எஃப்சி 2026 என்ற அதன் ஆவணம், ஒரு தரநிலை அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால் தனித்தனி நிரல்தொகுப்புகளிலிருந்து வந்த குறைந்தது இரண்டு செயலாக்கங்கள் ஒன்றோடொன்று வேலை செய்து காட்ட வேண்டும் என்றது. 2011இல் படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அப்போதும் இரண்டு செயலாக்கங்கள் என்ற நிபந்தனையைக் கைவிடவில்லை. நிதியமைப்புகளில் விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் பலர் இந்த மரபில் வளர்ந்தவர்கள். அவர்கள் கண் தானாகவே அந்த இரண்டாவது செயலாக்கத்தைத் தேடும்.

பொது வடிவம் ஏன் வேண்டும் என்பதை விளக்க நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரு கணக்கு போதும். 2016இல், நிரல் எழுதும் எடிட்டர்களும் நிரல்மொழிக் கருவிகளும் பேசிக்கொள்ள லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறை வந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் 10 எடிட்டர்களும் 20 நிரல்மொழிகளும் இருந்தால், தானாக நிரப்புவது, பிழை காட்டுவது போன்ற வசதிகளுக்கு 200 இணைப்புகளைத் தனித்தனியாக எழுத வேண்டும். பொது நெறிமுறை வந்ததும் அது 30 ஆனது. தமிழில் 90களிலேயே கணினியில் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்த காலத்தில் நண்பர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் குப்பை வரும். யூனிகோடு பரவிய பிறகுதான் அது தீர்ந்தது. உங்கள் விண்ணப்பத்தில் இந்தக் கணக்குக்கு மூன்று வரி ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இடத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்றால், சோதனைத் தொகுப்புக்கு. உங்கள் ஆவணத்தின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 'அ' என்ற குறிப்பில் 'ஆ' என்ற குறிப்புக்கு ஒரு சுட்டி (லிங்க்) இருக்கிறது. பயனர் 'ஆ'வை அழித்துவிட்டார். இப்போது எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்கிறார். அந்தச் சுட்டியை என்ன செய்வது? உங்கள் செயலி அதை வெறும் எழுத்தாக மாற்றிவிடலாம். இன்னொரு செயலி உடைந்த சுட்டியாகவே வைத்திருக்கலாம். மூன்றாவது, 'ஆ' என்ற பெயரில் வெற்றுக் குறிப்பு ஒன்றை உருவாக்கிவிடலாம். மூன்றுமே 'சுட்டிகளைப் பாதுகாக்க வேண்டும்' என்ற உங்கள் வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டவைதான்! ஆனால் பயனர் இந்த மூன்று செயலிகளுக்கிடையே இரண்டு முறை போய்வந்தால், அவர் அழித்த குறிப்பு உயிர்பெற்று வந்து நிற்கும். இப்படி ஒரு உள்ளீட்டுக் கோப்பு, எதிர்பார்க்கும் வெளியீட்டுக் கோப்பு, ஏன் அப்படி என்று இரண்டு வரி. இதுதான் ஒரு சோதனை. இப்படி நூறு எழுதிவிட்டால் 34 பக்கத்தில் பாதி தேவையில்லாமல் போனாலும் போகும்.

எளிய குறியீடுகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனுக்கு ஒரு கறாரான வரையறையாக 2014இல் வெளியான காமன்மார்க்கைப் பாருங்கள். அந்த ஆவணத்துக்குள்ளேயே 600க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோதனை. ஆவணத்திலிருந்தே அவற்றைப் பிரித்தெடுத்து எந்த நிரலின் மீதும் ஓட்டலாம். இணையத்தில் தரவை வேகமாகக் கொண்டுசெல்லும் குயிக் நெறிமுறைக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு கிளையன்டையும் ஒவ்வொரு சர்வரோடும் தானாகவே இணைத்துப் பார்த்து, எது எதோடு பேசுகிறது என்று பெரிய அட்டவணையாகப் பொதுவில் காட்டினார்கள். 2021 மே மாதம் அது ஆர்எஃப்சி 9000 என்று வெளியானபோது, பல நிறுவனங்களின் செயலாக்கங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகியிருந்தன. அந்த அட்டவணை போன்ற ஒன்றை, வெறும் மூன்று வரிசை மூன்று நெடுவரிசை இருந்தால்கூட, உங்கள் விண்ணப்பத்தில் காட்ட முடிந்தால் வேறெதுவும் அதற்கு ஈடாகாது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. வெவ்வேறு சமூக வலைத்தளங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஆக்டிவிட்டிபப் 2018 ஜனவரியில், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது. நல்ல நெறிமுறை, இன்று ஏராளமான செயலிகள் அதைப் பேசுகின்றன. ஆனால் அதோடு வந்த சோதனைக் கருவி பின்னாளில் செயலற்றுப்போனது. புதிதாக எழுத வந்தவர்கள், அதைப் பேசும் பிரபலமான சமூக வலைத்தளச் செயலியான மாஸ்டோடான் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து அதன்படியே எழுத வேண்டியதாயிற்று. ஆவணம் ஒன்று சொல்ல, நடைமுறை இன்னொன்றைச் சொல்லும் நிலை. ஆகவே சோதனைத் தொகுப்பை எழுத மட்டுமல்ல, அதை ஓட்டிக்கொண்டே இருக்கவும் பணம் கேளுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது?

உங்கள் நிலையில் நான் முதலில் தட்டும் கதவு நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை. அந்த நாட்டின் ஆரம்பகால இணையச் சேவை நிறுவனம் ஒன்று 1997இல் விற்கப்பட்டபோது கிடைத்த பணத்தை வைத்து நடக்கத் தொடங்கிய அமைப்பு. பிற்காலத்தில் ஐரோப்பிய ஆணையத்தின் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் இன்டர்நெட்' திட்டத்தின் நிதியையும் சிறு சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து வருகிறது. முதல் விண்ணப்பத்துக்கு 5,000 யூரோ முதல் 50,000 யூரோ வரை. வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைசித் தேதி வரும். ஒரு தனிமனிதரே விண்ணப்பிக்கலாம், நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவம் சிறியது, கேள்விகள் கூர்மையானவை. மதிப்பெண் பிரிப்பும் வெளிப்படை: தொழில்நுட்பத் தரத்துக்கு 30 சதவீதம், பயனுக்கும் தாக்கத்துக்கும் 40, கொடுக்கும் பணத்துக்குத் தகுந்த வேலையா என்பதற்கு 30. அதோடு, தேர்வான திட்டங்களுக்குப் பாதுகாப்புத் தணிக்கை போன்ற உதவிகளும் கிடைக்கும். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு இதனால் என்ன பயன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தந்த அழைப்பின் நிபந்தனைகளை அந்தந்த முறை புதிதாகப் படியுங்கள், அவை மாறும்.

ஜெர்மனியில் 2022இல் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட் வேறு வகை. அரசுப் பணம், குறைந்தபட்சக் கோரிக்கையே 50,000 யூரோ. 2023இல் லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான க்னோம் திட்டத்துக்கு 10 லட்சம் யூரோ கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது ஏற்கெனவே பலர் நம்பியிருக்கும் அடித்தளங்களை. புதிய முன்மாதிரிக்கு அது இடமில்லை. உங்கள் வடிவத்தை நாலைந்து செயலிகள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, அதைப் பராமரிக்க அங்கே போங்கள்.

இந்தியப் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் அறிவித்த ஃபிளாஸ் ஃபண்டும் அப்படியே. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. பரவலாகப் பயன்படும் திட்டங்களுக்கே முன்னுரிமை. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. நிதி தேடும் திட்டம் தன் தேவைகளை 'ஃபண்டிங் டாட் ஜேசன்' என்ற ஒரு கோப்பில், கணினி படிக்கக்கூடிய வடிவத்தில் தன் தளத்திலேயே வைக்க வேண்டும். அந்தக் கோப்பு வடிவத்தை வேறு எந்த நிதியமைப்பும் பயன்படுத்திக்கொள்ளலாம். நிதி கேட்பதற்கே ஒரு பொது வடிவம்! இன்றே அந்தக் கோப்பை உங்கள் தளத்தில் வைத்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

உங்களில் ஒருவர் ஜெர்மனியில் வசிப்பவர் என்றால் திறமூல முன்மாதிரிகளுக்கு நிதி கொடுக்கும், 2016 முதல் இயங்கும் புரோட்டோடைப் ஃபண்டையும் பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு இருந்தால் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2022இல் தொடங்கிய போஸ் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். அது நிரல் எழுதுவதற்கு அல்ல, திறமூலத் திட்டத்தைச் சுற்றி நிர்வாகத்தையும் சமூகத்தையும் கட்டுவதற்கான பணம்.

ஒரே கதவை நம்பி இருக்காதீர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2024இல் ஐரோப்பிய ஆணையத்தின் அடுத்த ஆண்டு வரைவில் நெக்ஸ்ட் ஜெனரேஷன் இன்டர்நெட் திட்டத்துக்கு இடம் இல்லை என்று தெரிந்ததும் திறமூல அமைப்புகள் பல சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதின. 2025 மார்ச்சில் இணையச் சுதந்திரத்துக்கான கருவிகளுக்குப் பணம் கொடுக்கும் அமெரிக்காவின் ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டின் நிதியே நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்து, அது நீதிமன்றம் வரை போனது. உங்கள் வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பணம் வரும் வழி உங்கள் கையில் இல்லை. அதனால்தான் வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டச் சொல்கிறேன். பாதியில் நின்றாலும் முடிந்த துண்டுகள் யாருக்காவது பயன்பட வேண்டும்.

இனி விண்ணப்பத்தின் முதல் பத்தி. நீங்கள் அனுப்பியிருந்த வரைவு இப்படித் தொடங்குகிறது: "குறிப்புச் செயலிகளின் உலகில் நிலவும் சிதறலைப் போக்கி, பயனர்களுக்குத் தரவுச் சுதந்திரத்தை அளிக்கும் முழுமையான திறந்த தரநிலை ஒன்றை உருவாக்குவதே எங்கள் நோக்கம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்தவருக்கு நீங்கள் திங்கள்கிழமை காலை என்ன செய்வீர்கள் என்று தெரியாது. நான் இப்படி மாற்றுவேன்: "எங்கள் செயலியிலிருந்து இன்னொரு திறமூலச் செயலிக்கு 1,000 குறிப்புகளை அனுப்பித் திரும்ப வாங்கினால் இன்று சுட்டிகளும் இணைப்புக் கோப்புகளும் தொலைகின்றன. பன்னிரண்டு மாதத்தில் மூன்று செயலிகளுக்கிடையே எதுவும் தொலையாமல் போய்வரச் செய்வோம். அதற்கான வரையறையும் 120 சோதனைகளும் யாரும் பயன்படுத்தும் வகையில் வெளியாகும். இரண்டாவது செயலியின் பராமரிப்பாளர் இந்த வேலையில் பங்கேற்கிறார்." கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அதை உண்மையாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்து, ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பீடு. பலர் தடுமாறும் இடம் இது. போட்டியே இல்லை என்று எழுதினால் நீங்கள் தேடவில்லை என்றுதான் அர்த்தம் கொள்வார்கள். குறிப்புகள் விஷயத்தில், நாட்காட்டித் தகவலைப் பரிமாறும் ஐகேலண்டர் தரநிலையில் 1998இலிருந்தே விஜேர்னல் என்றொரு பகுதி இருக்கிறது. நாட்குறிப்பு போன்ற உரைகளுக்கானது. மதிப்பிடுபவர்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும். அதில் என்ன போதவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். முடிந்தால் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள் என்றும் சொல்லுங்கள். ஏற்கெனவே பத்து தரநிலை இருக்க, பதினொன்றாவது எதற்கு என்ற கேள்வி ஒவ்வொரு மதிப்பீட்டாளர் மனதிலும் இருக்கும். அதற்கு நேர்மையான பதில், பழையதை மதித்து எழுதிய இந்த ஒப்பீடுதான்.

பட்ஜெட்டுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தங்கள் குழுவின் மணிநேரத்தைப் பெருக்கிக் கூட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அடுத்த செயலியை எழுதுபவர் மட்டும் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்? அவருக்கும் உங்களைப் போலவே மாலை நேரம் மட்டும்தான் இருக்கிறது. 40,000 யூரோ கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவணத்துக்கு 7,000, சோதனைத் தொகுப்புக்கும் அதைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டுக்கும் 9,000, உங்கள் செயலியில் செயலாக்கத்துக்கு 11,000, மற்ற இரண்டு செயலிகளின் பராமரிப்பாளர்களுக்குத் தலா 5,000, சோதனையில் தெரியவரும் குறைகளுக்கேற்ப ஆவணத்தைத் திருத்த 3,000. இந்தப் பிரிப்பைப் பார்த்தாலே இது ஒரு குழுவின் சொந்தச் செயலிக்கான பணம் இல்லை என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். மற்ற பராமரிப்பாளர்களும் உங்கள் மின்னஞ்சலுக்கு வேறு மாதிரி பதில் சொல்வார்கள், என் அனுபவத்தில் இதுவே பெரிய மாற்றம்.

என்எல்நெட் போன்ற இடங்களில் பணம் முன்கூட்டி வராது. ஒவ்வொரு மைல்கல்லையும் முடித்துக் காட்டிய பிறகுதான் வரும். ஆகவே மைல்கற்களைச் சிறியதாகவும், முடிந்ததா இல்லையா என்று வெளியாள் பார்த்துச் சொல்லக்கூடியதாகவும் வையுங்கள். 'வரையறையை மேம்படுத்துதல்' முடிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. 'சுட்டிகளுக்கான 40 சோதனைகள், இரண்டு செயலிகளிலும் ஓடிய முடிவுகள் பொதுவில்' என்றால் எவரும் போய்ப் பார்க்கலாம். முதல் மைல்கல் ஆறு வாரத்துக்குள் முடியும்படி இருக்கட்டும். வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு நான்கு மாதம் காத்திருப்பது பெரும் பாடு.

பணத்தை வாங்க ஒரு சட்டபூர்வமான பெயர் தேவைப்படும் அமைப்புகளும் உண்டு. அப்போது உங்கள் சார்பில் பணத்தை வாங்கி, கணக்கு வைத்து, உங்களுக்குக் கொடுக்கும் தாய் அமைப்பு ஒன்றில் சேரலாம். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, நம்ஃபோகஸ், சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் போன்றவை இதைச் செய்கின்றன. வரும் தொகையில் 5 முதல் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம், அதையும் பட்ஜெட்டில் காட்டுங்கள். சேர்வதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதோடு, தாய் அமைப்பும் மூடலாம். ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024இல் கலைவதாக அறிவித்தபோது அதன் கீழ் இருந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

உரிமங்களில் ஒரே ஒரு விஷயம். சோதனைத் தொகுப்பை, மூடிய மென்பொருள் எழுதுபவரும் தயங்காமல் எடுத்து ஓட்டக்கூடிய தளர்வான உரிமத்தில் வெளியிடுங்கள். உங்கள் செயலி எந்த உரிமத்தில் இருந்தாலும் சரி. பயனரின் குறிப்புகள் மூடிய செயலியிலிருந்து வெளியே வருவதும் இந்தத் தரநிலையின் நோக்கம்தானே. காப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்க, டபிள்யூ3சியின் சமூகக் குழு ஒன்றைத் தொடங்கி ஆவணத்தை அங்கே வைப்பது எளிய வழி. கட்டணம் இல்லை, யாரும் சேரலாம், பங்களிப்பவர்கள் காப்புரிமை தொடர்பான ஒப்புதலையும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ பக்கம் இப்போது போகவே வேண்டாம். அலுவலக ஆவணங்களுக்கான ஓடிஎஃப் வடிவம் கூட ஓப்பன்ஆபிஸ் செயலியில் ஓடிக்கொண்டிருந்த வடிவத்திலிருந்து பிறந்து, 2005இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையாகி, அப்புறம்தான் 2006இல் ஐஎஸ்ஓ தரநிலை ஆனது.

நிராகரிப்பு வந்தால், காரணம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பலர் பதில் சொல்கிறார்கள். அடுத்த சுற்றுக்குள் அந்தக் காரணத்தைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள். என் இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைவிடச் சிறியது. ஆனால் அதில் இன்னொரு திட்டத்தில் ஏற்கப்பட்ட நிரல்மாற்றத்துக்கு ஒரு சுட்டி இருந்தது. ஆதரவுக் கடிதங்கள் பத்து வைத்திருந்தாலும் அந்த ஒரு சுட்டி அளவுக்கு எடைபோட்டிருக்காது.

ஆகவே இந்த வாரம் விண்ணப்பப் படிவத்தைத் திறக்க வேண்டாம். உங்கள் செயலியிலிருந்து பன்னிரண்டு குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உடைந்த சுட்டி, ஒன்றில் பெரிய படம், ஒன்றில் ஒரே பெயரில் இரண்டு குறிச்சொற்கள், ஒன்று முழுக்கத் தமிழில், தலைப்பு உட்பட. அவற்றை உங்கள் வடிவத்தில் கட்டி, நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த இரண்டாவது செயலியின் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். இதைப் படிக்க ஒரு சின்ன நிரல் எழுத உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், எந்த இடத்தில் எங்கள் ஆவணம் புரியவில்லை என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் மணி நேரம் உங்கள் பட்ஜெட்டின் ஒரு வரி. அவருக்குப் புரியாத இடங்கள்தான் உங்கள் முதல் மைல்கல்.